‘ஓம்’ என்றால் சம்மதம், ‘வேண்டாம்’ என்றால் நோய்: மனநல விடுதிகளில் யார் தீர்மானிப்பது?

அரச வைத்தியசாலையொன்றின் மனநல விடுதிக்கு ஒருவரை உறவினர்கள் அழைத்துவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் அமைதியாக வந்து, காட்டிய கட்டிலில் அமர்ந்து, தாதி கொடுத்த குளிசையை விழுங்கிவிட்டால், அவருடைய மனநிலை பற்றி எவரும் மேலதிகமாக எதையும் கேட்பதில்லை. அவர் சிகிச்சைக்குச் சம்மதித்துவிட்டார் என்றே எடுத்துக்கொள்ளப்படும். அதே நபர் “எனக்கு மருந்து வேண்டாம், நான் வீட்டை போகப்போறன்” என்று சொன்னால் நிலைமை மாறிவிடுகிறது. நோயின் தீவிரம் பற்றிப் பேச்சு எழுகிறது. தமையனோ மனைவியோ படிவத்தில் ஒப்பமிடுகிறார். ஊசி போடப்படுகிறது.

இரண்டு சந்தர்ப்பங்களிலும் கேட்கப்படாமல் விடுபடும் கேள்வி ஒன்றுதான். இந்தச் சிகிச்சை பற்றி, இந்த நேரத்தில், தானே தீர்மானிக்கும் ஆற்றல் இவருக்கு இருக்கிறதா? அவருக்கு மனநோய் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அவருடைய முடிவு நமக்குச் சரியாகப் படுகிறதா என்பதும் வேறு கேள்வி. இம்மூன்றும் நமது வைத்தியசாலைகளிலும் வீடுகளிலும் ஒன்றாகவே குழப்பப்படுகின்றன. மனநலத்துக்கான புதிய சட்டமொன்று வேண்டும் என்று இலங்கையில் ஏறத்தாழ இருபது வருடங்களாகப் பேசப்படுகிறது. அது வரும்போது இந்தக் கேள்விக்கு என்ன விடை வைத்திருக்கும் என்பதைப் பொறுத்தே அது புதிய சட்டமா, பழையதற்குப் புதிய மட்டை போட்டதா என்பது தெரியவரும்.

1873இல் நிற்கும் சட்டம்

இன்று நடைமுறையில் இருப்பது மனநோய்கள் கட்டளைச் சட்டம். அதன் வேர் 1873ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம். ‘சித்தசுவாதீனமற்றவர்’ என்று சொல்லப்படுபவரை மாவட்ட நீதிமன்றம் விசாரித்து, தேவையென்றால் காவலில் வைக்க உத்தரவிடுவதே அதன் மைய ஏற்பாடு. 1956ஆம் ஆண்டுத் திருத்தம், சுயவிருப்பில் வருவோரையும் தற்காலிக நோயாளரையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதற்குப் பின்னர் அடிப்படையில் எதுவும் மாறவில்லை. இந்த மாதிரியான சட்டத்தை நமக்குத் தந்த இங்கிலாந்து, தன்னுடையதை 1930, 1959, 1983 எனப் பல தடவைகள் புதுப்பித்துவிட்டது.

1873இல் மனநோய்க்கு மருந்து இருக்கவில்லை. அடைத்து வைப்பதே சிகிச்சையாக இருந்தது. ஆகவே அந்தச் சட்டம் ஒருவரை எங்கே வைப்பது, அவருடைய சொத்தை யார் பார்ப்பது என்று யோசித்ததே தவிர, அவருக்கு என்ன மருந்து கொடுப்பது, அதை அவர் மறுத்தால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய தேவையும் அன்று இல்லை. மனநோய்க்கான முதலாவது நவீன மருந்தான குளோர்ப்புரோமசின் பாவனைக்கு வந்தது 1950களில்தான். இன்று மனநலச் சிகிச்சையின் பெரும்பகுதி அங்கொடை மதிலுக்கு வெளியே, மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் விடுதிகளிலும் கிளினிக்குகளிலும் நடக்கிறது. தெல்லிப்பழை போன்ற ஆதார வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் இயங்குகின்றன. அங்கே அன்றாடம் எடுக்கப்படும் நூற்றுக்கணக்கான சிகிச்சை முடிவுகளுக்கு 1873இன் சட்டத்தில் வழிகாட்டல் எதுவுமில்லை. அந்த வெற்றிடத்தைக் குடும்பத்தின் ஒப்பமும் வைத்தியரின் நல்லெண்ணமும் நிரப்புகின்றன.

நல்லெண்ணத்தைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. பல விடுதிகளில் அது உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது ஒருவருடைய இடமாற்றத்தோடு போய்விடும். நோயாளர் அதைக் காட்டி எதையும் கோர முடியாது.

2005இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட பத்தாண்டு மனநலக் கொள்கை, புதிய சட்டம் ஒன்றை வாக்குறுதியளித்தது. வரைவுகள் எழுதப்பட்டன. கொள்கையின் பத்து வருடங்களும் சட்டமின்றியே முடிந்தன. இதற்கிடையில், 2016 பெப்ரவரியில் இலங்கை, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை ஏற்புறுதி செய்தது. அதன் 12ஆவது உறுப்புரை, சட்டத்தின் முன் எல்லோரும் சமமான ஆட்களாக ஏற்கப்பட வேண்டும் என்கிறது. மனநோயால் நீண்டகாலமாகப் பாதிக்கப்பட்டவர்களும் அதில் அடங்குவர். ஒரு கையில் அந்தக் கையொப்பமும் மறுகையில் 1873இன் கட்டளைச் சட்டமும் இருக்கின்றன.

ஆற்றல் என்பது என்ன?

தீர்மானிக்கும் ஆற்றல் என்பது ஒருவருக்கு நிரந்தரமாக இருக்கின்ற அல்லது இல்லாத குணம் கிடையாது. ஒரு குறிப்பிட்ட முடிவு தொடர்பாக, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் அவரால் செய்யக்கூடிய வேலை அது. அமெரிக்காவில் போல் அப்பல்போம், தோமஸ் கிரிஸ்ஸோ ஆகிய இருவரும் 1980களிலிருந்து செய்த ஆய்வுகளும், இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு உளஆற்றல் சட்டமும் இதைக் கிட்டத்தட்ட ஒரே விதமாகவே பிரித்துப் பார்க்கின்றன. சொல்லப்பட்ட தகவலை விளங்கிக்கொள்ள வேண்டும். முடிவெடுக்கும் வரையிலாவது அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். அது தனக்குப் பொருந்துவதை உணர்ந்து, நன்மை தீமைகளை எடைபோட வேண்டும். முடிவை எந்த வழியிலாவது தெரிவிக்க வேண்டும்.

கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. விடுதியில் எப்படி என்று பார்ப்போம். இரண்டு பேர் ஒரே மருந்தை மறுக்கிறார்கள். இருவருக்கும் மனப்பிளவு நோய். முதலாமவர் தச்சுவேலை செய்பவர். “இந்த ஊசி போட்டால் கை நடுங்குது, உளியைப் பிடிக்க ஏலாமக் கிடக்கு, நாள் முழுக்க நித்திரை, வேலைக்குப் போகாட்டி வீட்டில ஆர் உலை வைக்கிறது?” என்கிறார். ஊசியை விட்டால் நோய் திரும்ப வரலாம் என்பதும் அவருக்குத் தெரியும். போன முறை அப்படி வந்ததை அவரே சொல்கிறார். இரண்டாமவர், மருந்தின் பெயர், அளவு, பக்கவிளைவு எல்லாவற்றையும் பிழையில்லாமல் திருப்பிச் சொல்கிறார். ஆனால் அவருடைய குளிசையில் மட்டும் தம்பி நஞ்சு கலந்து அனுப்புகிறான் என்று நம்புகிறார்.

இருவரும் சொன்னது ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல். முதலாமவர் எடைபோட்டிருக்கிறார். அந்த எடையில் நமக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம், ஆனால் தராசு வேலை செய்கிறது. இரண்டாமவருக்கு ஞாபகமும் மொழியும் நன்றாகவே இருக்கின்றன. நோயின் நம்பிக்கை தராசின் தட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பதிவேட்டில் இருவருக்கும் ‘நோயுணர்வு இல்லை’ என்று ஒரே வரி எழுதப்பட்டால், தச்சருக்கு அநியாயம் நடந்திருக்கிறது. மருந்தின் அளவைக் குறைப்பதாலோ, வேறு மருந்துக்கு மாற்றுவதாலோ தீரக்கூடிய பிரச்சினை அவருடையது. அவரைக் கேட்டிருந்தால் அது தெரிந்திருக்கும். கேட்காமல் ஊசி போட்டதால் அவர் அடுத்த மாதம் கிளினிக்குக்கே வரமாட்டார்.

நோயுணர்வும் தீர்மானிக்கும் ஆற்றலும் ஒன்றல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தனக்கு இருப்பது ‘மனநோய்’ என்று ஒப்புக்கொள்ளாத ஒருவர், “இந்தக் குளிசை குடிச்சால் அந்தக் குரல்கள் குறையுது, நித்திரை வருது” என்று அறிந்திருக்கலாம். வருத்தத்துக்கு அவர் வைக்கும் பெயர் செய்வினையாகவும் இருக்கலாம். சிகிச்சை பற்றிய முடிவுக்கு அவசியமானது, சிகிச்சை தனக்கு என்ன செய்யும் என்ற விளக்கம். வைத்தியப் பாடநூலின் பெயரை அவர் ஒப்புவிக்க வேண்டியதில்லை.

மனநோய் இருந்தால் ஆற்றல் இருக்காது என்ற பொதுநம்பிக்கையை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. அப்பல்போம், கிரிஸ்ஸோ குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், மனப்பிளவு நோயுடன் விடுதியில் அனுமதிக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேரும், மனச்சோர்வு நோயாளரில் நான்கில் மூன்று பங்கினரும் எல்லா அளவீடுகளிலும் போதிய ஆற்றலுடன் இருந்தார்கள். மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இலண்டனில் மனநல விடுதிகளில் அனுமதிக்கப்பட்டவர்களிடம் செய்யப்பட்டு 2008இல் வெளியான ஆய்வொன்றில் 60 சதவீதமானோருக்கு அந்த வேளையில் சிகிச்சை பற்றித் தீர்மானிக்கும் ஆற்றல் இருக்கவில்லை. அதன் தொடர்ச்சியாக, சிகிச்சைக்குப் பின் ஆற்றல் திரும்பியவர்களிடம், தங்களுக்காக மற்றவர்கள் எடுத்த முடிவு பற்றிக் கேட்டபோது, ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் அது சரியென்றே சொன்னார்கள். வற்புறுத்திச் சிகிச்சை அளித்த எல்லா வைத்தியர்களையும் கொடியவர்களாகக் காட்டுவோர் இந்த இரண்டாவது ஆய்வைப் படிக்க வேண்டும். எல்லா நோயாளரையும் ஒரே கயிற்றால் கட்டுவோர் முதலாவதைப் படிக்க வேண்டும்.

ஒரு காலின் கதை

இந்த விடயத்தில் உலகெங்கும் எடுத்தாளப்படும் வழக்கு ஒன்று இங்கிலாந்தில் 1993இல் தீர்க்கப்பட்டது. வழக்காளி ‘சி’ என்ற எழுத்தால் மட்டுமே அறியப்படுகிறார். 68 வயது. மனப்பிளவு நோயுடன், குற்றவாளிகளான மனநோயாளருக்கான புரோட்மூர் வைத்தியசாலையில் பல வருடங்களாக வைக்கப்பட்டிருந்தவர். தான் உலகப் புகழ்பெற்ற வைத்தியர் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. அவருடைய பாதம் அழுகத் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே வெட்டியெடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு 15 சதவீதம் அளவில்தான் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். அவர் மறுத்தார். ஒரு காலோடு உயிர்வாழ்வதைவிட இரண்டு காலோடு சாவது மேல் என்பது அவருடைய நிலைப்பாடு.

நீதிபதி தோர்ப், அவருடைய மருட்சிகளை மறுக்கவில்லை. கால் பற்றிய முடிவை அந்த மருட்சிகள் தீர்மானிக்கின்றனவா என்று மட்டும் பார்த்தார். தகவல் அவருக்கு விளங்கியது, அதை அவர் தன்னுடைய வழியில் நம்பினார், எடைபோட்டார், முடிவைச் சொன்னார். ஆகவே அவருடைய எழுத்துமூலச் சம்மதமில்லாமல் காலை வெட்டக்கூடாது என்று உத்தரவிட்டார். ‘சி’ உயிர் பிழைத்தார், காலோடு. அவர் பிழைத்ததால் தீர்ப்பு சரியாகிவிடவில்லை, இறந்திருந்தாலும் தீர்ப்பு சரிதான். மனநோயாளரின் மனத்தில் ஒரு பகுதி மருட்சியில் இருந்தாலும் வேறு பகுதி தெளிவாக இருக்கக்கூடும் என்பதை ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதே அதன் பெறுமதி. நம்முடைய சட்டமொழியின் ‘சித்தசுவாதீனமற்றவர்’ என்ற சொல்லில் அந்தப் பகுதிபிரித்தலுக்கு இடமில்லை. ஆளை மொத்தமாக உள்ளே தள்ளும் அல்லது மொத்தமாக வெளியே விடும் சொல் அது.

மருட்சியைவிட மனச்சோர்வு கடினமானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடும் மனச்சோர்வில் இருக்கும் ஒருவர் எல்லாவற்றையும் விளங்கிக்கொள்வார், கோர்வையாகப் பேசுவார். “இந்தச் சிகிச்சை மற்றவைக்குச் சரிவரும், நான் அதுக்குத் தகுதியில்லாத ஆள்” என்பார். வெளிப்பார்வைக்கு அது தாழ்மை போலவோ தத்துவம் போலவோ தெரியும். எடைபோடும் தராசில் தன்னுடைய உயிருக்கு அவர் எடையே வைக்கவில்லை என்பது, பொறுமையாக அரைமணி நேரம் பேசினால்தான் பிடிபடும். ஐந்து நிமிடத்தில் இந்த மதிப்பீட்டைச் செய்ய முடியாது.

நஞ்சருந்திய நிலையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுபவர் “என்னை விடுங்கோ” என்று மறுப்பது நமது வைத்தியசாலைகளுக்குப் புதிதல்ல. 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்திருந்த நாடுகளில் ஒன்று இலங்கை. தற்கொலை முயற்சி குற்றமென்பதை 1998இல் சட்டத்திலிருந்து நீக்கியது நல்லதொரு மாற்றம். அந்த நேரத்தில் மதிப்பீட்டுக்காக உயிரைக் காக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போட எவரும் சொல்லவில்லை. அதிர்ச்சியிலும் மயக்கத்திலும் மதுவிலும் இருக்கும் மனிதரின் ஆற்றல் சந்தேகத்துக்குரியது, நேரமும் இல்லை. உயிரைக் காப்பாற்றிவிட்டு அடுத்தநாள் கேட்கலாம். பிரச்சினை என்னவென்றால், அந்த அவசரத்தின் தர்க்கம் அடுத்தநாளும், அடுத்த கிழமையும், அடுத்த வருடமும் தொடர்வதுதான்.

‘ஓம்’ என்ற சொல்லின் ஆபத்து

மறுப்பவரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குக் கூடுதலாகக் கவலை தருவது சம்மதிப்பவர். என்ன மருந்து, எதற்காக, எவ்வளவு காலம் என்று எதுவும் தெரியாமல் தலையாட்டுபவருக்கும் ஆற்றல் இல்லாமல் இருக்கலாம். அவர் தொந்தரவு கொடுக்காததால் ஒருவரும் கவனிப்பதில்லை. லித்தியம் எடுப்பவருக்கு ஒழுங்கான இரத்தப் பரிசோதனை வேண்டும், சிறுநீரகத்தையும் தைரோயிட்டையும் பார்க்கவேண்டும், பிள்ளை பெறும் வயதுப் பெண்ணென்றால் தனியாகப் பேசவேண்டும். குளோசப்பின் தொடங்கினால் முதல் சில மாதங்களுக்கு வாராவாரம் இரத்தம் பார்க்கவேண்டும். இவை விளங்காமல் சொல்லப்பட்ட ‘ஓம்’, சம்மதமாகாது.

இங்கிலாந்தில் இதற்கும் ஒரு வழக்கு உண்டு. பேச இயலாத, ஓட்டிசம் உள்ள ஒருவர் 1997இல் போர்ன்வூட் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். அவர் எதிர்ப்புக் காட்டாததால் சட்டபூர்வமான எந்த நடைமுறையும் பின்பற்றப்படவில்லை. அவரை வளர்த்துவந்த குடும்பம் அவரைப் பார்ப்பதற்கும் தடுக்கப்பட்டது. 2004இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அது சட்டவிரோதமான தடுத்துவைப்பு என்று தீர்ப்பளித்தது. எதிர்க்கவில்லை என்பது சம்மதித்ததாகாது என்ற பாடம் அங்கே சட்டமாகியது.

நமது வீடுகளில் இதற்கு இன்னொரு வடிவம் இருக்கிறது. சோற்றிலோ தேத்தண்ணியிலோ மருந்தைக் கலந்து கொடுப்பது. தெற்காசியா முழுவதும் குடும்பங்கள் இதைச் செய்கின்றன. கையறுநிலையில்தான் செய்கிறார்கள், அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. ஆனால் நஞ்சு கலக்கிறார்கள் என்று ஏற்கெனவே நம்பும் ஒருவர், ஒருநாள் சோற்றில் குளிசைத் துகளைக் கண்டால் என்ன ஆகும்? அவருடைய மருட்சிக்கு வீடே சான்று கொடுத்ததாகிவிடும். அதற்குப் பின் எந்த வைத்தியராலும் அவரை நம்பவைக்க முடியாது.

ஒப்பமிடும் கை

குடும்பத்தைக் கழித்துவிட்டு இங்கே மனநலச் சிகிச்சை பற்றிப் பேசமுடியாது. பேருந்துக்குக் காசு கொடுப்பது, கிளினிக் திகதியை நினைவில் வைத்திருப்பது, இரவில் விழித்திருப்பது எல்லாம் அவர்களே. மேற்கத்தைய சட்டங்களைப் படித்துவிட்டு, குடும்பத்தை வெறும் தடையாகப் பார்க்கும் எழுத்துகள் நமது யதார்த்தத்துக்கு உதவா. அதேநேரம், பராமரிக்கும் கையும் ஒப்பமிடும் கையும் ஒன்றாக இருக்கும்போது நலன்கள் முரண்படலாம். காணி உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது? சீதன வீடு யாருடையது? கணவனைவிட்டுப் பிரிய நினைக்கும் மனைவியை விடுதிக்குக் கூட்டிவந்தது யார்? ‘விசர்’ என்ற பட்டம் ஒரு பெண்ணின் சொல்லை வாழ்நாள் முழுவதும் செல்லாக்காசாக்கப் போதுமானது. ஒப்பமிடுபவருக்கு அந்த முடிவில் வேறு இலாபம் இருக்கிறதா என்று விசாரிக்கும் கடமை இன்று ஒருவருக்கும் சட்டத்தால் விதிக்கப்படவில்லை.

போரில் குடும்பத்தையே இழந்தவர்களும் இருக்கிறார்கள். வன்னியில் தனித்து வாழும் முதியவருக்காக ஒப்பமிட யார் வருவார்? கிராம அலுவலரா, பக்கத்து வீட்டுக்காரரா? குடும்பத்தின் ஒப்பத்தில் தங்கியிருக்கும் முறைமை, குடும்பம் இல்லாதவரிடம் வரும்போது பேச்சிழந்து நிற்கிறது.

மொழியும் இதே இடத்தில்தான் வருகிறது. தமிழ் மட்டும் தெரிந்த ஒருவரைச் சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியர் மதிப்பிடும் நிலை வடக்கு கிழக்கிலும், மலையகத்திலும், கொழும்பிலும் ஏற்படுகிறது. விளங்கிக்கொள்ளுதல், எடைபோடுதல், வெளிப்படுத்துதல் எல்லாமே மொழியில் நடப்பவை. அரைகுறைச் சிங்களத்தில் “ஹரி ஹரி” என்று சொல்லும் தோட்டத் தொழிலாளி ஒருவர், எல்லாம் விளங்கியவராகப் பதியப்படலாம். பதில் சொல்லத் தெரியாமல் மௌனமாக இருப்பவர், ஆற்றலற்றவராகப் பதியப்படலாம். மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் கூடவந்த உறவினர். ஒப்பமிடுபவரும் அவரே. ஒருவருடைய ஆற்றலை அளக்க முன்னர், அவருடைய மொழியில் அவரிடம் பேசப்பட்டதா என்று அளப்பது சட்டத்தின் முதல் வரியாக இருக்கவேண்டும் என்பது எனது கருத்து. இது இன அரசியலுக்காகச் சொல்லப்படுவதில்லை. மொழி மாறினால் மதிப்பீட்டின் முடிவே மாறும்.

அண்டை நாட்டின் ‘அல்லது’

இந்தியா 2017இல் புதிய மனநலப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றி, 2018இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன் 4ஆவது பிரிவு தீர்மானிக்கும் ஆற்றலை வரையறுக்கிறது. ஒருவருடைய முடிவு மற்றவர்களுக்குப் பிழையாகத் தெரிகிறது என்பதால் மட்டும் அவருக்கு ஆற்றலில்லை என்று கொள்ளக்கூடாது என்றும் சொல்கிறது. நலமாக இருக்கும்போதே, நோய் கூடினால் எனக்கு இன்னது செய்யலாம், இன்னது செய்யக்கூடாது என்று முன்கூட்டிய அறிவுறுத்தல் எழுதிவைக்கலாம். தனக்காகப் பேசவேண்டியவரைத் தானே நியமிக்கலாம். மயக்க மருந்தின்றி மின்வலிப்புச் சிகிச்சை அளிப்பது தடைசெய்யப்பட்டது.

நாம் பின்பற்ற நல்ல மாதிரிதான், ஒரு சொல்லைத் தவிர. விளங்கிக்கொள்ளுதல், விளைவை உணர்தல், முடிவைத் தெரிவித்தல் ஆகிய மூன்றையும் அந்தப் பிரிவு ‘அல்லது’ என்ற சொல்லால் இணைத்திருக்கிறது. எழுத்துக்கெழுத்து வாசித்தால், தலையாட்டத் தெரிந்த எவருக்கும் ஆற்றல் இருக்கிறது என்றாகிவிடும். இந்திய உளமருத்துவர்கள் இதைப் பலதடவை சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். வரைவை எழுதும் நமது சட்டவரைஞர்கள் இதைக் கவனித்தால், இன்னொரு இருபது வருடம் ஒரு சொல்லோடு மாரடிக்க வேண்டியிராது.

இதைவிட அடிப்படையான விவாதமும் ஒன்று நடக்கிறது. ஐ.நா. சமவாயத்தின் குழு 2014இல் வெளியிட்ட முதலாவது பொதுக்கருத்தில், ஆற்றலை மதிப்பிட்டு அதன் பேரில் ஒருவருடைய முடிவெடுக்கும் உரிமையைப் பறிப்பதே பாரபட்சம் என்றது. மற்றவர் அவருக்காக முடிவெடுப்பதற்குப் பதிலாக, அவரே முடிவெடுக்க உதவவேண்டும் என்பது அதன் வாதம். பெரு நாடு 2018இல் தனது சட்டத்தை இந்தத் திசையில் மாற்றியது. உளமருத்துவர்கள் பலர் இதை ஏற்கவில்லை. தம்பி நஞ்சு வைக்கிறான் என்று நம்பி மூன்று நாளாகச் சாப்பிடாதிருப்பவருக்கு ‘உதவி’ என்பது என்ன என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குக் குழுவின் பதில் எனக்குப் போதுமானதாகப் படவில்லை. ஆனால் இலங்கையைப் பொறுத்தவரை இந்த விவாதம் சற்றுத் தூரத்தில் இருக்கிறது. மதிப்பீடு கூடாது என்று சொல்லுமளவுக்கு நாம் இங்கே ஒருவரையும் மதிப்பிடத் தொடங்கவேயில்லை. ‘உதவி’ என்ற பாதியை இன்றே எடுத்துக்கொள்ளலாம். மெதுவாகப் பேசுவது, படம் காட்டுவது, காலையில் மருந்து மயக்கத்தில் இருப்பவரிடம் மாலையில் கேட்பது, அவர் நம்பும் ஒருவரை அருகில் வைத்துக் கேட்பது என்று நீளும் பட்டியலில் பெரிய செலவு எதுவுமில்லை.

நேரமில்லை, ஆளணி இல்லை என்பார்கள். அது உண்மை. கிளினிக் நாளில் வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியர்கள் பெருமளவில் நாட்டைவிட்டுப் போனதும் தெரிந்ததே. எல்லோரையும் எல்லா முடிவுக்கும் விரிவாக மதிப்பிட முடியாது. விடுதியில் வைத்திருத்தல், மின்வலிப்புச் சிகிச்சை, நீண்டகால ஊசி, நோயாளர் மறுத்தும் தரப்படும் எந்தச் சிகிச்சையும் என்று நான்கு சந்தர்ப்பங்களுக்காவது மதிப்பீட்டைக் கட்டாயமாக்கலாம். எந்த மொழியில் பேசப்பட்டது, என்ன சொல்லப்பட்டது, அவர் என்ன சொன்னார், எப்போது திரும்பக் கேட்கப்படும் என்ற நான்கு வரிகள் பதிவேட்டில் இருந்தால், பின்னர் ஒரு சட்டத்தரணியோ மனித உரிமைகள் ஆணைக்குழுவோ கேட்கும்போது காட்டுவதற்கு ஏதாவது இருக்கும். பாராளுமன்றம் கூடும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை, சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையே போதும்.

நோயாளரின் பக்கத்திலும் ஒரு சிறு காரியம் சாத்தியம். கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொருவரிடமும் ஒரு கொப்பி இருக்கிறது. மருந்தும் அடுத்த திகதியும் வைத்தியரின் கையெழுத்தில் அதில் இருக்கும். அதன் கடைசிப் பக்கத்தில், நலமாக இருக்கும் நாளொன்றில், அவருடைய சொந்த எழுத்தில் சில வரிகள் எழுதலாம்: எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எந்த ஊசி உடம்பை முறித்தது, வருத்தம் கூடினால் முதலில் யாரைக் கூப்பிடவேண்டும், யாரைக் கூப்பிடக்கூடாது. கீழே வைத்தியரும் ஒப்பமிட்டுத் திகதி போடலாம். இன்றைய சட்டத்தில் அதற்கு வலுவில்லை. அடுத்தமுறை அவரைப் பேச்சிழந்த நிலையில் கூட்டிவரும்போது, இரவுநேரக் கடமையில் இருக்கும் அறிமுகமில்லாத இளம் வைத்தியரின் கையில் அந்தக் கொப்பி இருக்கும்.